காருக்கு வேறு அளவு டயர் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர் தேய்ந்து கடைக்குப் போய் நின்றால் "ஒரு சைஸ் ஏத்திப் போட்டுக்கலாமா சார்?" என்ற கேள்வி பில் போடுவதற்குள் வந்துவிடும். அதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. கீழே உள்ளவை இந்தியாவில் பதிவான சொந்த உபயோகக் கார்களுக்கானவை. கணக்குப் போட்டுக் காட்ட, ஊரில் எங்கும் ஓடும் மாருதி ஸ்விஃப்ட்டைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதன் கீழ் வேரியண்ட்டில் 165/80 ஆர்14, மேல் வேரியண்ட்டில் 185/65 ஆர்15 வருகிறது.

185/65 ஆர்15 88ஹெச் என்றால் என்ன?

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் அல்ல. அகலத்தில் 65 சதவீதம். அதாவது 185-ல் 65 சதவீதம், 120 மிமீ. 'ஆர்' என்பது ரேடியல், டயரைக் கட்டும் விதம். 15 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். 88 லோடு இண்டெக்ஸ்: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 'ஹெச்' வேகக் குறியீடு: மணிக்கு 210 கிமீ.

மொத்த விட்டம் வேண்டுமென்றால் ரிம் இஞ்சை 25.4-ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள். 381 மிமீ, அதோடு 240.5, ஆக 621.5 மிமீ. 165/80 ஆர்14-க்கு இதே கணக்கு 619.6 மிமீ தரும். ரிம் ஒரு இஞ்ச் பெரிது, டயர் 20 மிமீ அகலம், ஆனாலும் தரையில் உருளும் சக்கரம் ஏறக்குறைய அதேதான். கம்பெனிக்காரர்கள் அளவை எப்படிக் கூட்டுகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

என் காருக்குச் சரியான அளவை எங்கே பார்ப்பது?

டிரைவர் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் முன், பின் காற்றழுத்தமும் அதில் அச்சாகியிருக்கும். சில மாடல்களில் ஒரே ஸ்டிக்கரில் இரண்டு அளவு இருக்கும். ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ரிம் அகலத்தோடு சேர்த்துப் பட்டியல் கிடைக்கும். இப்போது காரில் ஓடிக்கொண்டிருக்கும் டயரைப் பார்த்து அதுதான் சரியான அளவு என்று முடிவு செய்யாதீர்கள். முந்தைய ஓனர் மாற்றியிருக்கலாம்.

சட்டத்தில் டயர் அளவை மாற்றத் தடை இருக்கிறதா?

"டயர் அளவை மாற்றாதே" என்று ஒரு தனி வரி கிடையாது. இருப்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக ஆர்சி விவரங்கள் மாறும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதும் ஒப்புதல் பெற்றதும்தான் எல்லை.

அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அதன் நான்காவது உட்பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "மாற்றம் ஒன்றுக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். டயர், சைலன்சர், லைட் என்று மூன்று மாற்றினால் மூன்று கணக்கு.

ஆர்சியில் டயர் அளவே இல்லையே, பிறகு எப்படிப் பிடிப்பார்கள்?

சரியான கேள்வி. பதிவுப் படிவத்தில் டயர் விவரம் கேட்கப்படுவது லாரி, பஸ் போன்ற வாகனங்களுக்குத்தான். சொந்தக் காரின் ஆர்சி அட்டையில் அளவு இருக்காது. அதனால் அளவில் பெரிய வித்தியாசமில்லாத டயரைச் சாலையில் நிறுத்தி அபராதம் போடுவது அரிது. உண்மையில் கண்ணில் படுவது வீல் ஆர்ச்சைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சக்கரமும், தூக்கிக் கட்டிய வண்டியும்தான்.

ஆனால் பிடிபடவில்லை என்பதால் செல்லும் என்று ஆகிவிடாது. அந்த மாடலுக்கு ஒப்புதல் சான்று கொடுக்கும்போது எந்த டயரில் சோதித்தார்கள் என்பது கம்பெனி ஆவணத்தில் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தால் அவர் பார்ப்பது அதைத்தான்.

முன்னனுமதி வாங்கிக்கொண்டு மாற்றலாமா?

சட்டம் அனுமதிக்கு இடம் தருவது சிஎன்ஜி கிட், இன்ஜின் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு போன்றவற்றுக்கு. பெரிய டயருக்கு அனுமதி கேட்டு ஆர்டிஓ அலுவலகம் போனால், "கம்பெனி ஒப்புதல் எங்கே?" என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

என் மாடலின் மேல் வேரியண்ட் அளவைப் போடலாமா?

போடலாம். நாங்கள் தயங்காமல் சொல்லும் ஒரே மாற்றம் இதுதான். அதே மாடல், அதே தலைமுறை, அதே இன்ஜின், கம்பெனியே கொடுத்த அளவு. ஸ்விஃப்ட் கீழ் வேரியண்ட்டுக்கு 185/65 ஆர்15 போடுவது இதில் சேரும். இரண்டு நிபந்தனை உண்டு. ரிம்மையும் அந்த வேரியண்ட்டின் அகலம், ஆஃப்செட்டில் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மிமீ தள்ளியிருக்கிறது என்ற அளவு) வாங்க வேண்டும். காற்றை அந்த அளவுக்குச் சொன்ன அழுத்தத்தில் வைக்க வேண்டும்.

எல்லா மாடலிலும் இரண்டு அளவும் ஒரே விட்டத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கிரெட்டாவில் வரும் 205/65 ஆர்16-ன் விட்டம் 672.9 மிமீ, 215/60 ஆர்17-ன் விட்டம் 689.8 மிமீ, 2.5 சதவீத வித்தியாசம். இப்படிப்பட்ட காரில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் முன், மீட்டர் செட்டிங் இரண்டுக்கும் ஒன்றா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"3 சதவீதம் வரை பிரச்சினை இல்லை" என்கிறார்களே?

அது கடைத்தெரு விதி. மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. முதல் கட்ட வடிகட்டியாகப் பயன்படுத்தலாம்; 3 சதவீதம் தாண்டினால் யோசிக்காமல் விட்டுவிடலாம். ஆனால் 3-க்குள் வந்துவிட்டது என்பதாலேயே எந்த டயரும் தேறிவிடாது. 185/65 ஆர்15 ஓடிய காரில் 195/65 ஆர்15 போட்டால் 2.1 சதவீதம் கூடும். விட்டக் கணக்கில் தேறிவிட்டது. லோடு, ரிம் அகலம், உள்பக்க இடைவெளி ஆகிய மூன்றும் இன்னும் பாக்கி.

205/65 ஆர்15 என்றால் 4.2 சதவீதம். சதவீத எண்ணை அப்படியே விட்டுவிட்டு அகலத்தை மட்டும் கூட்டியதால் உயரமும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். "அதே 65, அதே 15, கொஞ்சம் அகலம் மட்டும்" என்பார்கள். உண்மையில் டயர் 26 மிமீ உயர்ந்திருக்கும்.

பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் என்ன காட்டும்?

உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். உலகளவில் பின்பற்றப்படும் ஐநா 39-வது ஒழுங்குமுறையின்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது. மேலே காட்டலாம், 10 சதவீதமும் அதோடு 4 கிமீயும் வரை. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைத்து அனுப்புகின்றன. மீட்டரில் 100 காட்டும்போது உண்மையில் 95 ஓடும் கார் என்று வையுங்கள். 4.2 சதவீதம் பெரிய டயரில் அது 99. தப்பித்தது. 6.3 சதவீதம் பெரிதானால் 101. இப்போது மீட்டர் பொய் சொல்கிறது, நெடுஞ்சாலைக் கேமரா சொல்லாது.

சிறிய டயரில் நேர்மாறு. சட்டப்படி தொல்லை குறைவு, ஆனால் இன்ஜின் எப்போதும் கொஞ்சம் கூடுதல் ஆர்பிஎம்மில் சுற்றும், தரை இடைவெளியும் குறையும்.

டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது. டயர் சரியில்லையா?

முதலில் கணக்கைத் திருத்துங்கள். 4.2 சதவீதம் பெரிய டயரில் ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது கார் 10,420 கிமீ ஓடியிருக்கும். லிட்டருக்கு 18 என்று நீங்கள் கணக்கிட்டது உண்மையில் 18.75. அதற்கும் மேல் விழுந்திருந்தால், அது கூடுதல் எடை, அகலம், இழுக்கச் சிரமப்படும் கியர் ஆகியவற்றின் வேலை. ஆயில் மாற்றும் தூரமும் இதே அளவு தள்ளிப்போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

லோடு இண்டெக்ஸ் ஒரு எண் குறைந்தால் என்ன ஆகிவிடும்?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். விட்டத்தைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

ஆல்டோ 800-ல் வந்த 145/80 ஆர்12-க்குப் பதில் 13 இஞ்ச் அலாயில் 155/65 ஆர்13 போடுவது பிரபலம். விட்டம் 536.8-க்குப் பதில் 531.7, ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. டயரும் அகலம், பார்க்கவும் அழகு. ஆனால் முதலாவதின் லோடு இண்டெக்ஸ் 74, அதாவது 375 கிலோ. இரண்டாவதில் 73, 365 கிலோ. டயர் ஒன்றுக்குப் பத்து கிலோ, நான்கும் சேர்த்து 40 கிலோ தாங்கும் சக்தியை விலை கொடுத்து இழந்திருக்கிறீர்கள். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானுமாக ஏப்ரல் வெயிலில் நான்கு மணி நேரம் நெடுஞ்சாலையில் போகும்போது அந்த 40 கிலோ தேவைப்படும். தாங்கும் எல்லையை மீறிய பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், சூடேறும், உள்ளே ரப்பரும் நூலும் பிரியத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது டயர் வெடித்திருக்கும்.

இன்னொரு கணக்கு. ஸ்விஃப்ட்டுக்கு 16 இஞ்ச் என்றால் 195/55 ஆர்16 என்று சொல்வார்கள். விட்டம் 620.9, கச்சிதம். சாதாரண டயரில் அதன் இண்டெக்ஸ் 87, 545 கிலோ. மேல் வேரியண்ட்டின் 88-ஐவிட ஒன்று குறைவு. 17 இஞ்சில் 205/45 என்றால் 84, வெறும் 500 கிலோ. ரிம் பெரிதாகப் பெரிதாக உள்ளே காற்றுக்கு இடம் குறைகிறது. பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, காற்று.

விதி சுருக்கமானது: கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வந்த இண்டெக்ஸைவிட ஒன்றுகூடக் குறையக்கூடாது.

எக்ஸ்எல் டயர் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகும், காற்றையும் சேர்த்து மாற்றினால். எக்ஸ்எல் என்பது கூடுதல் பாரம் தாங்கும்படி கட்டியது. சாதாரண டயர் தன் முழுப் பாரத்தைத் தாங்குவது 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில். எக்ஸ்எல் தாங்குவது 42 பிஎஸ்ஐயில். 195/55 ஆர்16 91 எக்ஸ்எல் டயரின் 615 கிலோ 42 பிஎஸ்ஐக்கான எண். அதை 36-ல் ஓட்டினால் ஏறக்குறைய 545 கிலோதான் தாங்கும், சாதாரண 87-ன் அளவு. எக்ஸ்எல் வாங்கிவிட்டுப் பழைய 30 பிஎஸ்ஐயிலேயே ஓட்டுபவர் எதையும் வாங்கியதாகாது.

வேகக் குறியீடு? நான் 100-க்கு மேல் போவதே இல்லையே.

டி 190, ஹெச் 210, வி 240 கிமீ. அந்த வேகத்தில் போகவா என்று கேட்பார்கள். அந்த எழுத்து டயர் வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்பதன் அடையாளமும்கூட. கம்பெனி கொடுத்த எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள். மேலே போனால் தவறில்லை, சில டயர்களில் சத்தமும் விலையும் கூடும்.

பழைய ரிம்மிலேயே அகலமான டயர் ஏற்றலாமா?

ஒவ்வொரு டயர் அளவுக்கும் ரிம் அகல வரம்பு உண்டு. 165/80-க்கு 4 முதல் 5.5 இஞ்ச். 185/65-க்கு 5 முதல் 6.5. 195/65-க்கு 5.5 முதல் 7. உங்கள் ரிம்மின் அகலம் அதன் உள்பக்கத்திலோ ஆரக்காலின் பின்புறத்திலோ 5ஜே, 5.5ஜே என்று பொறிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றித் துடைத்தால்தான் தெரியும்.

5ஜே ரிம்மில் 195 ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்நோக்கிக் கிள்ளப்பட்டு பலூன் மாதிரி பிதுங்கும். திருப்பத்தில் வண்டி ஒரு கணம் தாமதமாகத் திரும்பும், டயரின் நடுப்பட்டன் சீக்கிரம் தேயும். அதிக அகல ரிம்மில் குறுகிய டயரை இழுத்து ஏற்றுவது அதைவிட மோசம். பக்கச்சுவர் சாய்ந்து ரிம் விளிம்பு வெளியே நிற்கும். குழியில் அடி நேராக ரிம்முக்கு, காற்று குறைந்தால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும்.

அலாய் வீல் வாங்கும்போது என்னென்ன பொருந்த வேண்டும்?

ஐந்து எண்கள்.

முதலாவது பிசிடி. போல்ட் வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்ட்டில் 4 × 100: நான்கு நட், 100 மிமீ வட்டம். பழைய ஃபியட் புன்டோவில் 4 × 98. கையில் வைத்துப் பார்த்தால் 100 ரிம் 98 ஹப்பில், அதாவது காரில் சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தில், உட்கார்ந்துவிடுவது போலவே இருக்கும். நட்டை முடுக்கினால் அதன் கூம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். பிறகு அது தானாகவே தளரும்.

இரண்டாவது நடு ஓட்டை. ஸ்விஃப்ட் ஹப்பின் விட்டம் 54.1 மிமீ. பல மாடலுக்கும் பொருந்தும்படி வார்க்கும் வெளிச்சந்தை அலாய்களில் 73.1 மிமீ ஓட்டை வைத்திருப்பார்கள். நடுவில் இடைவெளி விட்டு நட்டை மட்டும் நம்பி மாட்டினால், பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் 80, 90 கிமீ வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். 73.1-லிருந்து 54.1-க்கு வளையம் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது ரிம் அகலம், நான்காவது ஆஃப்செட். இவை இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 5.5ஜே இடி45 ரிம்மைக் கழற்றி 6.5ஜே இடி38 மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள் ('இடி' ஆஃப்செட், மிமீயில்). வெளி விளிம்பு 19.7 மிமீ வெளியே வரும், உள் விளிம்பு 5.7 மிமீ உள்ளே போகும். வெளியே வந்தது மட்கார்டில் உரசும், வீல் பேரிங்கை நெம்பும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கை இழுக்கும். உள்ளே போனது ஷாக் அப்சார்பருக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஐந்தாவது நட். ஸ்விஃப்ட்டில் எம்12 × 1.25 மரை. அதே 12 மிமீயில் 1.5 மரை நட்டும் கடையில் கிடைக்கிறது. இரண்டு சுற்று ஏறும், பிறகு ஏர் கன் வைத்து ஏற்றினால் ஸ்டட், அதாவது நட் ஏறும் மரைக்கம்பி, காலி. நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா என்பதும் ரிம்முக்கு ஒத்துப்போக வேண்டும். முடுக்கும் அளவு சிறிய கார்களில் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன்மீட்டர். உங்கள் காருக்கு மேனுவலில் எவ்வளவோ அவ்வளவு. புது அலாய் என்றால் 50 முதல் 100 கிமீ ஓட்டிவிட்டு டார்க் ரெஞ்ச்சால் மீண்டும் பாருங்கள்.

ரிம்மில் ஐஎஸ்ஐ, ஜேடபிள்யூஎல் போன்ற தர முத்திரை இல்லாமல் விலை மட்டும் பாதி என்றால், மீதிப் பாதி எங்கே போயிற்று என்று யோசிக்கலாம்.

ஸ்பேசர் போட்டு சரிக்கட்டலாமா?

வேண்டாம். 5 மிமீ ஸ்பேசர் ஒன்றே எம்12 × 1.25 ஸ்டட்டில் நான்கு சுற்று மரையைத் தின்றுவிடும். நட் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது, அதாவது ஒன்பது பத்துச் சுற்று, ஏற வேண்டும்.

உரசுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கடை வாசலில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து "எங்கேயும் படலை சார்" என்பார்கள். வெறும் வண்டியில் படாதுதான். இப்படிச் செய்யுங்கள்:

முன் சக்கரத்தில் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள், 10 மிமீயாவது வேண்டும். பிரேக் கேலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே 3 மிமீ. பிறகு மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் லைனிங்கில், டயரின் தோள்பட்டை வரும் உயரத்தில், சாக்பீஸால் நன்றாகத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். நான்கு பேரை ஏற்றி, டிக்கியில் 50 கிலோ வைத்து, காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து முன்னும் பின்னும் வட்டமடியுங்கள். ஒரு வேகத்தடையைச் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னே ஒரு சக்கரம் பின்னே ஏறும்படி கடந்து பாருங்கள். இறங்கி டார்ச் அடித்தால், வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தால் அந்த இடத்தில் டயர் தொடுகிறது. டயர்ப் பக்கத்திலும் அதற்கு எதிரே ஒரு பளபளப்புப் பட்டை இருக்கும்.

லைனிங்கை வெட்டி வழி பண்ணுவது, மட்கார்டு விளிம்பை உள்ளே மடக்குவது எல்லாம் நடக்கிறது. லைனிங் போனால் மழைத் தண்ணீரும் கல்லும் நேரே வயரிங்குக்குப் போகும். தொடுகிறது என்றால் அந்த அளவு அந்தக் காருக்கானது அல்ல.

அகலமான டயர் என்றால் பிடிமானம் அதிகம்தானே?

காய்ந்த சாலையில் ஓரளவு. தரையைத் தொடும் பரப்பு அகலத்தால் பெரிதாகக் கூடுவதில்லை. பாரமும் காற்றழுத்தமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அகலம் மாற்றுவது அந்தப் பரப்பின் வடிவத்தை: நீளமாக இருந்தது அகலமாகிறது. அகலமான முகம் தேங்கிய தண்ணீரைப் பிளப்பது கடினம், அதனால் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். ஐப்பசி மழையில் சென்னைப் புறவழிச் சாலையில் ஓட்டுபவருக்கு அகலத்தைவிடப் பட்டன் ஆழம் முக்கியம். சட்டப்படி குறைந்தது 1.6 மிமீ, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. நாங்கள் 3 மிமீயிலேயே மாற்றச் சொல்வோம்.

லோ புரொஃபைல் டயர் நம் சாலைக்குத் தாங்குமா?

165/80-ல் பக்கச்சுவர் 132 மிமீ. 205/45-ல் 92. குழியில் விழும்போது ரிம்மைக் காப்பது இந்தச் சுவர்தான். போதாதபோது குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நசுங்கி உள்ளே நூல் அறுகிறது, அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம் கிளம்பும். அது பஞ்சர் போட்டுச் சரியாகும் சமாச்சாரம் அல்ல. அந்த டயரை அன்றைக்கே கழற்ற வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் புது அளவில் போடலாமா?

கூடாது. ஏபிஎஸ் நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவெடுக்கிறது. நான்கும் ஒரே அளவு மாறினால் அது பெரிதாகக் குழம்பாது. முன்னும் பின்னும் வேறானால் ஒரு ஜோடி எப்போதும் வழுக்குவது போலத் தெரியும். ஒரே அளவில் இரண்டு புது டயர் என்றால் பின்னால் போடுங்கள். பின்பக்கம் முதலில் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

மஹிந்திரா தாருக்கு 33 இஞ்ச் டயர் போட்டு எல்லோரும் ஓட்டுகிறார்களே?

ஓட்டுகிறார்கள். கம்பெனி கொடுப்பது 245/75 ஆர்16, விட்டம் 773.9, அல்லது 255/65 ஆர்18, 788.7 மிமீ. 33 இஞ்ச் என்பது 838 மிமீ. பெரியதோடு ஒப்பிட்டாலே 6.3 சதவீதம் கூடுதல். பிரேக் அதே பிரேக்தான், ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடியதால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை சுமார் 6 சதவீதம் குறையும். டயரின் கூடுதல் எடையை நிறுத்துவது அதற்கு மேல். கொடைக்கானல் இறக்கத்தில் இந்தக் கணக்கு பிரேக் கருகும் வாசனையாகவே வரும். சட்டத்தின் கண்ணிலும் இது தெளிவான மாற்றம். உடன் வரும், வண்டியைத் தூக்கிக் கட்டும் லிஃப்ட் கிட் இன்னொன்று.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே பிராண்ட், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் நடு டிஃபரன்ஷியல் தாரில் இல்லை. சுற்றளவு வேறானால் 4ஹெச் (நான்கு சக்கர இயக்கம்) போட்ட நொடியிலிருந்து, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கப்படும்.

ஸ்டெப்னியையும் மாற்ற வேண்டுமா?

விட்டம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் பழைய ஸ்டெப்னி அவசரத்துக்குப் போதும்: 80 கிமீ வேகத்துக்குக் கீழே, பஞ்சர் கடை வரை. அலாய்க்குப் புது நட் வாங்கியிருந்தால் பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வையுங்கள். இரும்பு ரிம்முக்கு அலாய் நட் சரியாக உட்காராது என்பது நள்ளிரவில் சாலையோரத்தில் தெரியவரக்கூடாது.

இன்சூரன்ஸ் க்ளெய்ம் கிடைக்குமா?

மேல் வேரியண்ட் அளவு என்றால் கவலை வேண்டாம். அதைத் தாண்டியது என்றால், சொந்தச் சேதத்துக்கான க்ளெய்மில் "தெரிவிக்காத மாற்றம்" என்று சொல்ல நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறீர்கள். டயர் தொடர்பான விபத்தாக இருந்தால் அந்த வாதம் எடுபடவும் செய்யும். வெளியில் வாங்கிய அலாயை பாலிசியில் மின்சாரமல்லாத துணைக்கருவியாக மதிப்போடு எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் திருடுபோனாலும் நசுங்கினாலும் காசு வராது. டயர் மட்டும் சேதமானால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடையாது. வண்டியோடு சேர்ந்து சேதமானால் புது டயர் விலையில் பாதி.

கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், வீல் பேரிங் க்ளெய்ம்களிலும் இதே கேள்வி வரும்.

பில் போடும் முன் கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

டயர் மேல் ஐஎஸ்ஐ முத்திரை. நான்கு இலக்கத் தேதி: 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம், நான்கிலும் பாருங்கள், மூன்று புதிது ஒன்று பழசு என்று வருவதுண்டு. லோடு இண்டெக்ஸும் எழுத்தும் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா. பில்லில் "டயர் 4" என்று மட்டும் எழுதாமல் அளவு, இண்டெக்ஸ், தேதி எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ரிம்களை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். சாக்பீஸ் சோதனையில் கறுப்புக் கோடு விழுந்தால் திரும்பி வர அவைதான் வேண்டும்.